மலை சுற்றியவர்களின் ரத்த அழுத்தம்

ராமகிருஷ்ணனுக்கு எண் என்றால் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சரியா தப்பா என்று பார்ப்பதெல்லாம் வேலை இல்லாதவன் வேலை. கிராமங்களுக்கு இலவசமாக ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் ஓர் அறக்கட்டளைக்கு அவர்தான் இயக்குநர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் கூடாரம் போட்டு, மலை சுற்ற வந்தவர்களை நிறுத்தி அளந்தார். ஒரே வருஷத்தில் இரண்டு லட்சம் பேர். நோயாளிகள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆகா, மாவட்டமே குணமாகிவிட்டது என்று அறிக்கை எழுதி, கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போகும் மாத்திரை வேனை நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டார்.

அதே அறக்கட்டளையில் புள்ளியியல் பார்க்கும் தேவிப்ரியாவுக்கு வயிறு எரிந்தது. இந்த ஆளை எந்தக் காலேஜ் பாஸ் போட்டது?

"சார், பதினாலு கிலோமீட்டர் நடக்கறவங்கள அளந்துட்டு ஊர்ல நோய் கம்மினு சொல்றீங்களே. நடக்க முடியாதவங்க வீட்டுல கெடக்கறாங்க."

"நீ கிராமத்துல வீடு வீடாப் போயி அளந்த லிஸ்ட்ல முந்நூறு பேரு. என்கிட்ட ரெண்டு லட்சம். எதும்மா ஜாஸ்தி? அப்படி யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வா, பாக்கலாம்."

அடுத்த பௌர்ணமிக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு பேரை வேனில் கூட்டிவந்தாள். பக்கவாதம் வந்து ஒரு கை விளங்காத காசியம்மாளை மகன் வளவன் தூக்கிக்கொண்டு வந்தான். அவளுக்கு அழுத்தம் இருநூற்றுப் பத்து. மற்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே கதி.

ராமகிருஷ்ணன் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்துப் பல்லிளித்தார். "பாத்தியா? ரெண்டு லட்சத்தோட இந்தப் பன்னெண்டையும் சேத்தாச்சு, சதவீதம் அசையவே இல்ல. சரி, வந்ததே வந்தாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம். அறிக்கைக்கு அட்டைப்படம்."

சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நினைத்தாள் தேவிப்ரியா.

"போட்டோ எடுத்தா மாத்திரை குடுப்பீங்களா சார்?" காசியம்மாள் குழறலாகக் கேட்டாள்.

"உங்க பக்கம்லாம் நோய் கொறஞ்சிடுச்சேம்மா," என்றார் அவர், கேமராவைப் பார்த்தபடி.

கூடாரத்து மேசையடியில் பிரிக்காத மாத்திரைப் பெட்டிகள் இருந்தன. தேவிப்ரியா இரண்டைத் தூக்கி வளவன் கையில் கொடுத்தாள், மூன்றாவதைத் தானே எடுத்துக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், என்ட்ரி போடாம எங்க எடுத்துட்டுப் போற?"

"நீங்களே போட்டுக்குங்க சார். மூணு பெட்டிதானே, சதவீதம் ஒண்ணும் அசையாது."