பந்துக்குக் கீழே ஓர் ஆள்

கார்வெல் மைதானத்தில் அந்த அக்டோபர் மாதம் அடிக்கப்பட்ட பந்து கீழே வர ஒன்பது வருஷம் ஆயிற்று. அடித்தவர் மேல் பிழையில்லை, எல்லோரையும் போலத்தான் அடித்தார். பேஸ்பால் கோப்பைக்கான கடைசி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ். எங்கள் ஊர் நாரைகள் அணி ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தது. எதிரணியில் இன்னும் ஒரே ஓர் ஆளை அவுட்டாக்க வேண்டும், அவர்களுடைய இரண்டு பேர் ஓடிவரத் தயாராக நின்றார்கள். பந்தைப் பிடித்துவிட்டால் நாற்பது வருஷத்தில் ஊருக்கு முதல் கோப்பை. தரையில் விட்டால் அந்த இருவரும் ரன் எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் நம் ஆட்கள் அடித்து மீட்பார்கள் என்று நம்பும் அளவுக்கு அன்று யாரும் குடித்திருக்கவில்லை. நடு மைதானத்தில், அதாவது அடிப்பவருக்கு நேரெதிரே தூரத்து வேலிப் பக்கமாக, நின்றவர் எலியாஸ் பெராசா. டொமினிக்கன் நாட்டுக்காரர், கைக்கு வந்த பந்தை விட்டதாகச் சரித்திரமே கிடையாது. அண்ணாந்து பார்த்தார், கொஞ்சம் பின்னால் நகர்ந்தார், கிளவுஸைத் தூக்கினார். அரங்கம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. சற்று நேரம் கழித்து, வேறு வழியில்லாமல் விட்டது. பந்து மேலேயே நின்றுகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் ஹாட்டாக் விற்பவர்கள் மறுபடி நடமாட ஆரம்பித்தார்கள். பெராசாவின் மனைவி ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

லீக் தலைமையகத்திலிருந்து ஆட்கள் வந்து விதிகளைப் புரட்டினார்கள். காற்றில் இருக்கும் பந்தை ஒருவர் பிடிக்கும்வரை, அல்லது அது எதன்மேலாவது படும்வரை, ஆட்டம் முடிந்ததாகாது. ஆகவே ஆட்டம் முடியவில்லை. ஓட வேண்டியவர்கள் ஓடி முடித்து, குளித்து, விமானம் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். அடுத்தடுத்த வருஷத்து ஆட்டங்களை அந்தப் பந்துக்குக் கீழேயே ஆடிக்கொள்ளலாம், ஆனால் அது இறங்கும் நாளில் நாரைகள் அணிக்கு யார் நடு மைதானக்காரரோ அவர்தான் பிடிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இறங்கும் நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதால் அம்பயர் ஹோரஸ் க்ளிமென்ட் மட்டும் ஊரிலேயே தங்கும்படி ஆனது. மைதானத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, தக்காளிச் செடி வைத்தார்.

அணியின் முதலாளி டக்ளஸ் ஃபென்விக் கார் நிறுத்துமிடங்களை வாடகைக்கு விட்டுப் பணக்காரர் ஆனவர். நிற்கிற பொருளில் எப்படிக் காசு பார்ப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டமில்லாத குளிர்காலத்தில்கூட மைதானத்தைத் திறந்துவைத்தார். தொங்குகிற பந்தைப் பார்க்க ஜனம் போர்வையும் ஃபிளாஸ்க்குமாக வந்து உட்கார்ந்தது. டிக்கெட் தனி, கார் நிறுத்தத் தனி, சோளப்பொரி தனி. இந்தச் சமயத்தில் பெராசாவின் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. மற்ற ஊர்களில் அவருக்குத் தரத் தயாராக இருந்த தொகையையே அவரும் கேட்டார். வருஷத்துக்கு இரண்டு கோடி டாலர். ஃபென்விக் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, நல்ல காபி கொடுத்து, "நீங்களே சொல்லுங்க. பந்து அங்கயே நிக்குது. ஒருத்தர் சும்மா அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறதுக்கு ரெண்டு கோடியா? நம்ம ஊரு சின்ன ஊருங்க. கட்டுப்படியாகாது" என்றார். ஆகஸ்டு பிறப்பதற்குள் பெராசா கலிஃபோர்னியா பக்கம் விற்கப்பட்டார். போகும்போது நாற்காலியை விட்டுவிட்டுப் போனார்.

பந்து இறங்கியிருப்பதை முதலில் பார்த்தவள் லொரெட்டா ஸாபோ. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், நடு மைதானத்துக்குப் பின்னாலிருக்கும் மலிவு பெஞ்சில் இருபது வருஷமாக ஒரே இடத்தில் உட்காருகிறவள், குரல் பஸ்ஸின் ஹார்னைவிடப் பெரியது. பெராசா விமானம் ஏறிய அன்று பந்து ஒரு மாடி உயரம் கீழே வந்திருப்பதாகச் சொன்னாள். ஜனம் சிரித்தது. அடுத்து நல்ல சம்பளக்காரரான பிட்சர், பந்து வீசுகிறவர், விற்கப்பட்டார், இன்னொரு மாடி இறங்கியது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஃபென்விக் ஓர் ஆளை விற்க, பந்து கொஞ்சம் இறங்க, பக்கத்தில் பார்க்கக் கூட்டம் கூட, அவர் டிக்கெட் விலையைக் கொஞ்சம் ஏற்ற, இப்படியே வருஷங்கள் போயின. பெராசா நின்ற இடத்துக்குப் பாதிச் சம்பளத்தில் ஒருவர் வந்தார். அவருக்குப் பின் அதிலும் பாதியில் ஒருவர். ஊர் தூக்கத்தைத் தொலைத்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது பரவி, பல் டாக்டர்கள் ஏரிக்கரையில் வீடு கட்டினார்கள். கல்யாணத்துக்குத் தேதி வைக்கிறவர்கள் பந்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்து வைத்தார்கள். வயதான தொழிற்சாலைத் தொழிலாளிகள் ஆப்பரேஷன் மேஜையில் படுத்துக்கொண்டு, மயக்க மருந்து கொடுக்கும் முன்னால், "வந்துடுச்சா?" என்று கேட்டார்கள்.

ஏழாவது வருஷம் வெண்டல் டோம்பெக் வந்தார். லீக் விதிப்படி இதற்குக் கீழே ஒருவருக்குச் சம்பளம் தர முடியாது என்ற தொகைக்கு வந்தார். நல்ல மனுஷன். வேகமாக ஓடுவார், யாரையும் கடிந்து பேசமாட்டார். கை மட்டும் சரியில்லை. சின்ன லீக்குகளில் ஆடிய காலத்தில் ஐந்து பந்து வந்தால் ஒன்றை விட்டுவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த ஆளைத்தான் ஃபென்விக் பந்துக்குக் கீழே நிறுத்தினார். டோம்பெக் முட்டைக் கடையில் நுழைந்தால் முட்டையைக் கடைக்காரரே எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். தேவாலயத்தில் குழந்தைகளை அவர் கையில் கொடுக்கமாட்டார்கள். ஆனால் வீட்டு வாசலில் தினமும் யாராவது கேரட் வைத்துவிட்டுப் போனார்கள், கண்ணுக்கு நல்லதென்று. தெருவில் போனால் மாடியிலிருந்து ஆரஞ்சுப் பழம், சாக்ஸ் உருண்டை, ஒரு தரம் உறைந்த கோழி என்று எதையாவது திடீரென்று வீசிப் பழக்கினார்கள். பிடித்தால் சத்தமில்லை. விட்டால் தெரு முழுக்க ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும்.

லொரெட்டா அவரைத் திட்டுவதை ஒரு வேலையாகவே வைத்திருந்தாள். "டேய் டோம்பெக், கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா? உன் கையில ஒரு வாய் சோறாவது நிக்குமாடா?" என்று பெஞ்சிலிருந்து கத்துவாள். மூன்று ஆட்டத்துக்கு ஒரு தரம் டோம்பெக் திரும்பிப் பார்ப்பார். ஒரு நாள் மழைக்கு ஆட்டம் நின்றபோது வேலிப் பக்கமாக வந்து, "அக்கா, எனக்குச் சாப்பாடே இறங்கல" என்றார். "எனக்கு மட்டும் இறங்குதா?" என்று சொல்லி, லொரெட்டா மடியிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதியை வேலி வழியாக நீட்டினாள். அதையும் அவர் கீழே போட்டார்.

வருஷத்துக்கொரு தரம் முதலாளி ரசிகர்களைச் சந்திக்கும் நாள் உண்டு. கேள்வி கேட்கலாம், காபியும் டோனட்டும் உண்டு. பெராசாவை எப்போது திரும்ப வாங்குவீர்கள் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்வி. கொடிமரத்துக்குக் கீழே வரட்டும் என்றார் ஃபென்விக். வந்தது. விளக்குக் கம்பத்துக்குக் கீழே வரட்டும் என்றார். அதற்கும் கீழே வந்தது. சந்தை நிலவரம் பார்க்க வேண்டும் என்றார். அந்த வருஷம் லொரெட்டா எழுந்து நின்றாள். "ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவன் அதப் புடிச்சிட்டா நாளைக்கு எவன் வந்து இங்க உக்காருவான்? விட்டுட்டாலும் எவன் வருவான்? அது தொங்குற வரைக்கும்தான் உங்களுக்கு வரும்படி. நீங்க எங்களுக்கு ஆட்டத்த விக்கல, எங்க பயத்த விக்கறீங்க." ஃபென்விக் கொஞ்சமும் கோபப்படவில்லை. "நானும் உங்கள மாதிரி ரசிகன்தாம்மா. காபி ஆறிடும், குடிங்க" என்றார். உண்மையிலேயே ஆறித்தான் போயிருந்தது.

ஒன்பதாவது வருஷம் ஜூலைக் கடைசியில், அணியில் மிச்சமிருந்த ஒரே பெரிய சம்பளக்காரரும் விற்கப்பட்டார். இனி வெட்ட எதுவும் பாக்கியில்லை என்ற நிலை வந்தது. அன்று பிற்பகல், ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பந்து கழன்றதுபோல விழ ஆரம்பித்தது. முதலில் கத்தியவள் லொரெட்டாதான். டோம்பெக் அப்போது ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எழுந்தார், ஓடினார், நின்றார், பின்னால் போனார், முன்னால் வந்தார். கடைசி நொடியில் கண்ணை மூடிக்கொண்டார். அதை எல்லோரும் பார்த்தார்கள். கிளவுஸில் ஏதோ பட்ட சத்தம் கேட்டது. அப்படியே கிளவுஸை வயிற்றோடு மடக்கி, குப்புற விழுந்து, சுருண்டுகொண்டார்.

அம்பயர் க்ளிமென்ட் தக்காளிச் செடியை விட்டுவிட்டு ஓடி வந்தார். பந்து கிளவுஸுக்குள் இருக்கிறதா, புல்லில் கிடக்கிறதா என்று அவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். "திறப்பா" என்றார். டோம்பெக் அசையவில்லை. "உள்ள இருக்கான்னு எனக்கே தெரியலீங்க. கை மரத்துப் போச்சு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. வேலி ஓரத்தில் ஆயிரக்கணக்கான பேர் வாயைத் திறந்தபடி நின்றார்கள். அம்பயர் இன்னொரு தரம் சொல்வதற்குள் ஃபென்விக் புல்வெளியில் இறங்கி வந்துவிட்டார். அந்தப் புல்லில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தரம். டோம்பெக்குக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தோளில் கை வைத்து, "தம்பி, அவசரமே இல்ல. இப்படியே இரு. கூடாரம் போட்டுத் தர்றேன், சாப்பாடு வரும். பெராசா கேட்டத நான் உனக்குத் தர்றேன். வருஷத்துக்கு ரெண்டு கோடி. திறக்காம மட்டும் இரு" என்றார். ஒலிபெருக்கியில் அதற்குள் மூடிய கிளவுஸைப் பார்ப்பதற்கான டிக்கெட் விலையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

டோம்பெக் யோசித்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. யார்தான் யோசிக்கமாட்டார்கள்? பணம் ஒரு பக்கம். திறக்காதவரை அவர் பந்தை விட்டவர் ஆகமாட்டார் என்பது இன்னொரு பக்கம். தன் அம்மா முன்னால் நிமிர்ந்து நிற்கலாம், முட்டையைத் தன் கையால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். விட்டிருந்தால் இந்த ஊரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் அவருக்கு வாழ்க்கை கிடையாது.

"டேய் டோம்பெக்!" லொரெட்டா வேலிமேல் ஏறி நின்றிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள், குரல் மட்டும் எப்போதும்போல இருந்தது. "விட்டிருந்தா விட்டுட்டுப் போடா! எனக்குக் கழுத்து வலிக்குது. ஒம்பது வருஷமாச்சு. எனக்கு வேற வேல இருக்குடா, திறந்து தொலை! உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்!" கொஞ்சம் நிறுத்தி, "கொஞ்சம் திட்டுவேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

சுருண்டு கிடந்த டோம்பெக் சிரித்துவிட்டார். சிரித்ததில் கை தளர்ந்தது. எழுந்து உட்கார்ந்து, ஃபென்விக்கின் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, கிளவுஸைத் திறந்தார். பந்து இருந்தது. ஒரு பக்கம் லேசாகப் பாசி பிடித்திருந்தது. அம்பயர் குனிந்து பார்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்து, கையை உயர்த்தி "அவுட்" என்றார். ஒன்பது வருஷம் தொண்டையில் வைத்திருந்த வார்த்தை, கரகரத்துத்தான் வந்தது. ஊர் என்ன சத்தம் போட்டது என்பதை எழுத முடியாது. ஏரியில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இனி மீன் எதுவும் சிக்காது என்று தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

டோம்பெக்குக்கு அன்று சாயங்காலமே அணி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பந்தில்லாத இடத்தில் அதற்குக் கீழே நிற்க ஆள் தேவையில்லை என்றார்கள். சனிக்கிழமை கோப்பை ஊர்வலம். ஃபென்விக் முதல் காரில், மேல்மூடி இல்லாத வெள்ளைக் காரில், கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். டோம்பெக்குக்கு வண்டி ஏற்பாடு செய்யவில்லை, லொரெட்டா தன் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கடைசியில் வந்தாள். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. முதலாளியின் கார் தெருவில் நுழைந்ததும் இரண்டு பக்கமும் நின்ற ஜனம் முழுக்க அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. தெரு முடியும்வரை அவருக்கு ஒரு முகம்கூடத் தெரியவில்லை, வெறும் தொண்டைகள்தான் தெரிந்தன. முதலில் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் நிறுத்தினார். அப்புறம், மேலே அப்படி என்னதான் இருக்கிறது, தனக்குத் தெரியாமல் விற்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதோ என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரும் அண்ணாந்து பார்த்தார்.

மேலே ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. பெரிய ஊர் டாக்டர்கள் வந்து பார்த்தும் இறங்கவில்லை. இப்போது கணக்குப் பிள்ளைகள் காகிதங்களை அவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் காட்டுகிறார்கள், அவர் படித்துச் சொல்கிறார். அடுத்த வருஷத்து டிக்கெட்டுக்கு நாலு டாலர் ஏற்றியதும் அப்படித்தான். நாங்கள் எல்லோரும் வாங்கினோம்.