பங்குனி மாதத்துப் பஞ்சர்கள்

கடலூரில் பதினான்கு ஆண்டுகள் டவுன் பஸ் ஓட்டிய கலியமூர்த்தி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டு, எண்பது லாரிகள் வைத்திருந்த ஒரு பெரிய கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தார். சேர்ந்தார் என்பதைவிட வாசற்படியில் நிறுத்தப்பட்டார் என்பதே பொருந்தும். மூன்று மாதம் சோதனைக் காலம். அதன் கடைசி நடையில் கம்பெனியின் செக்கர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அவர் எழுதித் தரும் தாளைப் பார்த்துச் சிதம்பரம் கிளை மேனேஜர் ராமாமிர்தம் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், போடாவிட்டால் வீடு. பஸ்ஸில் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. திரும்பிப் போக வழியில்லை.

அந்தக் கடைசி நடை பங்குனி மாதத்தில் வாய்த்தது. துறைமுகத்தில் உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பிற்பகல் இரண்டரை மணிக்கு வண்டி புறப்பட்டது. ஐந்து மணிக்குள் சிதம்பரம் கிடங்கை அடைய வேண்டும். அதற்குமேல் மூட்டை இறக்கும் ஆட்கள் இருக்க மாட்டார்கள். செக்கராக வந்தவர் ரஹ்மத்துல்லா. அவருக்கும் கலியமூர்த்தியின் வயதுதான். பத்து ஆண்டுகள் இதே சாலையில் லாரி ஓட்டிவிட்டு, அந்த ஆண்டுதான் செக்கர் ஆனவர்.

"பயப்படாத மச்சான். நான் இல்லன்னு நெனச்சுக்கினு ஓட்டு," என்றார் அவர்.

"மடியில பேனாவோட குந்தியிருக்கீங்களே பாய், எப்பிடி நெனக்கிறது?" என்றார் கலியமூர்த்தி.

ஆலப்பாக்கம் தாண்டியதும் சாலை திடீரென்று காணாமல் போயிற்று. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஐம்பது அடி நீளத்துக்கு, காய்ந்த உளுந்துச் செடிகள் நெற்றோடு பரப்பப்பட்டிருந்தன. கலியமூர்த்தி உழவர் வீட்டுப் பிள்ளை. தானியத்தில் தவறிக் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் குடும்பம். டவுன் பஸ் ஓடிய தெருக்களில் இப்படி ஒரு காட்சியை அவர் கண்டதே இல்லை. யோசிக்க நேரமில்லை; கை தானாகவே ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தது. எறும்பை மிதிக்கக் கூடாது என்று ஒதுங்கிய யானை, குயவனின் பானைகளுக்கு நடுவே காலை வைத்ததாம். அந்தக் கதைதான் இங்கும் நடந்தது. வாய்க்கால் கசிந்து ஊறிப்போயிருந்த மண்ணில் இடது பின்சக்கரம் அச்சுவரை இறங்கிற்று.

சாலையோரம் காத்திருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். நன்றி சொல்ல வருகிறார்கள் என்றே கலியமூர்த்தி எண்ணினார்.

"யோவ், கண்ணு தெரியுதா உனக்கு?" என்றாள் முன்னால் வந்த தைலம்மாள். செடிகள் அவளுடையவை. "காலையிலேர்ந்து ஒரு லோடு லாரிக்காகக் காத்துக் கெடக்குறோம். வந்தது ஒண்ணு. அதுவும் ஒதுங்கிப் போவுதே!"

"தானியம் லட்சுமி இல்லியாம்மா? அது மேல எப்பிடி வண்டிய ஏத்துறது?"

"லட்சுமிதான். நெத்துக்குள்ளாறயே குந்திக்கினு இருந்தா எப்பிடி வூட்டுக்கு வருவா? நீ ஏத்தினாத்தானே வெளிய வருவா!"

பெண்கள் சிரித்தார்கள். தைலம்மாள் அப்போதுதான் மறுபக்கக் கதவைப் பார்த்தாள்.

"அட, நம்ம பாய்! போன வருசம் எட்டு நடை ஓட்டிக் குடுத்தியே. இந்த ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ரஹ்மத்துல்லா தொலைவில் ரயில் பாதையை நோக்கியபடி, "பரீட்சையில வாத்தியாரு பேசக் கூடாது தைலம்மா," என்றார்.

சுற்றிலும் அறுத்துவிட்ட வெறும் வயல். சக்கரத்துக்கு அடியில் போட ஒரு கல்லோ கட்டையோ இல்லை. கலியமூர்த்தி கையால் சேற்றைத் தோண்டத் தொடங்கினார். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த தைலம்மாள், இரண்டு கை நிறைய உளுந்துச் செடியை அள்ளிவந்து பள்ளத்தில் போட்டாள். பிறகு இன்னும் இரண்டு கை.

"இது சேத்தோட போச்சு. மீதிய நீதான் அடிச்சுக் குடுக்கணும். ஆறு நடை," என்றாள்.

செடியைக் கவ்விக்கொண்டு சக்கரம் மேலேறியபோது மணி நான்கேகால்.

"இப்பவே கெளம்பினா அஞ்சுக்குப் போயிடலாம்," என்றார் ரஹ்மத்துல்லா.

கலியமூர்த்தி சேற்றில் புதைந்துவிட்ட உளுந்தை ஒரு முறை பார்த்தார். வண்டியைச் செடிகளின் மேல் ஏற்றினார். முதல் நடையில் டயருக்கு அடியில் நெற்றுகள் படபடவென்று வெடித்தபோது அவருக்கு உடம்பு கூசிற்று. மூன்றாம் நடையில் அந்த ஓசையைக் கேட்டே எந்தப் பக்கம் இன்னும் நசுங்கவில்லை என்று தெரிந்துகொண்டார். ஒவ்வொரு நடைக்கும் இடையே பெண்கள் செடியைப் புரட்டிப் போட்டார்கள். முன்னால் மூன்று, பின்னால் மூன்று. பின்னால் வந்தபோதும் சக்கரம் தாரை விட்டு விலகவில்லை.

சிதம்பரம் கிடங்கில் நுழைந்தபோது மணி ஐந்து நாற்பது. ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். மாடியில் மேனேஜர் அறையில் விளக்கு எரிந்தது.

படியேறுமுன் ரஹ்மத்துல்லா பேனாவைத் திறந்தார். "பஞ்சர்னு எழுதிடுறேன். பங்குனியில இந்த ரோட்டுல எல்லாரும் அதத்தான் எழுதுவோம். ஒரு வம்பும் வராது."

ஆம் என்று தலையசைத்தால் கையெழுத்து உறுதி. கலியமூர்த்தி சேறு காய்ந்த தன் கைகளைப் பார்த்தபடி நின்றார்.

"குத்தாத ஆணிய நான் எங்க போய்த் தேடுறது பாய்? வேணாம். நானே சொல்லிடுறேன்."

சொன்னார், ஒதுங்கியதையும் புதைந்ததையும் ஆறு நடையையும் ஒன்று விடாமல் சொன்னார். ராமாமிர்தம் இமைக்காமல் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"போன பங்குனியில பதினோரு பஞ்சர். அத்தனையும் ஆலப்பாக்கம் தாண்டி. ரோட்டுல யாரோ ஆணி போடுறாங்கன்னு போலீசுக்கு மனு எழுதி வெச்சிருக்கேன்யா!"

மேசை இழுப்பறையிலிருந்து அந்த மனுவை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"லோடு வண்டிய ரோட்டை விட்டு இறக்கினது தப்பு. அதுக்கு ஒரு மாசம் சோதனை ஜாஸ்தி. சித்திரைக் கடைசியில வா, கையெழுத்துப் போடுறேன். நீ போகலாம். பாய், நீங்க இருங்க."

கலியமூர்த்தி கீழே வண்டியருகே நின்றார். கால் மணி நேரம் கழித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு ரஹ்மத்துல்லா இறங்கி வந்தார்.

"பத்து வருசத்துப் பஞ்சர் மச்சான்," என்றார், "அத்தனையும் ஒரே நாள்ல ஒட்டிட்டியே!"