பத்து மணி மாத்திரை

கனகவள்ளியின் சீழ் பிடித்த கடைவாய்ப்பல்லை மூன்று டாக்டர்கள் தொடாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாற்றுக் கிட்னி வைத்தவள் என்றதும் ஆளாளுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கை காட்டினார்கள். அங்கேயோ பல்லுக்கு அடுத்த மாதம்தான் தேதி. அதுவரை சீழ் சும்மா இருக்குமா? கிட்னி நிலைப்பதற்காக அவள் போடும் மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருந்தன. சீழ் ரத்தத்தில் இறங்கினால், இரண்டு வருடத்துக்கு முன் கணவன் சுயம்பு கொடுத்த கிட்னிக்கே ஆபத்து.

அதனால் தாராவியிலிருந்து கிங்ஸ் சர்க்கிளுக்கு நாலாவது டாக்டரைப் பார்க்க வரும்போதே அவன் சொல்லிவிட்டான்.

"ஏட்டி, இங்கயாவது வாயத் தொறக்காத. பல்ல மட்டும் காட்டு."

இப்படிச் சொல்லிப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகும் மனுஷனை என்ன செய்வது?

நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டர் சாதனா கேட்டாள்: "வேற ஏதாவது வியாதி உண்டா? மாத்திரை சாப்பிடறேளா?"

"ஒண்ணும் கெடையாது டாக்டர்," என்றான் சுயம்பு.

அந்த நேரம் பார்த்துக் கனகவள்ளியின் போனில் பத்து மணி அலாரம் அடித்தது. சுயம்பு பாய்ந்து அமுக்கினான். "அது சும்மா அடிக்கி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணப் பந்தியிலும் லோக்கல் டிரெயின் நெரிசலிலும் நாலு பேர் பார்க்கப் போட்ட மாத்திரை. இங்கே எதற்கு ஒளிக்க வேண்டும்? பையிலிருந்து டப்பாவை எடுத்து, டாக்டர் கண் முன்னாலேயே விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.

"கிட்னி மாத்துனதுக்குப் போடுத மாத்திரை, டாக்டர். அவரு பயந்து பொய் சொல்லுதாரு. நீங்க தெரியாம ஏதாவது வலி மாத்திரை எழுதிட்டா என் கிட்னில்லா போயிரும்."

சாதனா கையுறையைக் கழற்றினாள். "அப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடுங்கோ. எனக்கு ரிஸ்க்."

"போவ மாட்டேன். ஃபைல் இருக்கு, என் கிட்னி டாக்டர் நம்பர் இருக்கு. போன் போட்டுக் கேளுங்க. கேக்காம இந்தச் சேர விட்டு எந்திரிக்க மாட்டேன்."

வீங்கிய கன்னத்தோடு கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெளியே காத்திருந்தவர் இரண்டு முறை இருமிப் பார்த்தார். இருமட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் சாதனா போனை எடுத்தாள். பேசப் பேச எழுதிக்கொண்டாள். இன்றே ரத்தப் பரிசோதனை. எந்த ஆன்டிபயாடிக் ஆகும், எந்த வலி மாத்திரை கூடவே கூடாது.

"ரிப்போர்ட் சரியா இருந்தா நாளைக்கே பிடுங்கிடலாம். பத்து மணி மாத்திரையப் போட்டுண்டு வாங்கோ," என்று புதுக் கையுறையை மாட்டப் போனவள், நோயாளி விவரப் படிவத்தைப் பார்த்து நின்றாள். "கிட்னி குடுத்தது யாரு?"

கனகவள்ளி விரலை நீட்டினாள்.

"இந்தா நிக்காருல்லா, ஒண்ணும் கெடையாதுன்னு சொன்னவரு. அவருதான்."