கதவு சிக்கிக்கொண்ட நாள்

...அப்படியென்றால் இன்று சாயங்காலம் கையைத் தூக்கினால் மூடிக் கிடக்கும் சிறை மறுபடி திறக்கும், தூக்காவிட்டால் திறக்காது, அவ்வளவுதானே, இதற்குப் போய் ஊரே ஏன் தன் முகத்தையே பார்க்கிறது என்று, முடியை உலர்த்தச் சூடான காற்று ஊதும் அந்தப் பெரிய தொப்பிக்குள் தலையை விட்டுக்கொண்டு வெர்லீன் யோசித்தாள், ஏன் பார்க்கிறது என்று அவளுக்கா தெரியாது, நகர சபையில் இருப்பதே ஐந்து பேர், இரண்டு பேர் வேண்டும் என்கிறார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள், ஐந்தாவது ஆள் தலை நிறையச் சுருள்களோடு ஜோனெல்லின் அழகு நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துத் தொப்பிக்குள் ஓலெட்டா. கையில் பத்திரிகை, ஆனால் வந்ததிலிருந்து அதே பக்கம்தான், அதே கேக், அதே நடிகை, பார்வை மட்டும் ஓரமாக இந்தப் பக்கம் வந்து வந்து போகிறது... பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை, யார் வண்டி யார் வீட்டு வாசலில் விடிந்த பிறகும் நின்றது என்று இந்த ஊரில் முதலில் தெரிந்துகொள்வது வெர்லீன்தான், இன்று அவளே சேதியாகிவிட்டாள், அது என்னவோ பின்பக்கம் கிழிந்த பாவாடையோடு தேவாலயத்தில் நடப்பது போல இருக்கிறது. "மிஸ் வெர்லீன், டானெட் காலைல சிறைக்குள்ள சுத்திப் பாக்கப் போயிருக்காளாமே?" என்று ஜோனெல் கேட்டாள். காற்றுச் சத்தத்தில் காதில் விழாதது போல இருந்துவிட்டாள். இந்தத் தொப்பியால் இப்படியும் ஒரு வசதி.

டானெட் அவளுடைய ஒரே மகள். விடிவதற்கு முன்பே எழுந்து, பக்கத்து மாவட்டத்து இறைச்சி ஆலைக்கு வண்டி ஓட்டிப் போய், திரும்பி வரும்போது கண்ணெல்லாம் செக்கச்செவேலென்று... சிறை திறந்தால் உள்ளூரிலேயே காவலாளி வேலை, திறக்காவிட்டால் டல்லஸ் பக்கம் போய்விடுவேன் என்று போன வாரமே சொல்லிவிட்டாள், சண்டையாகக்கூட இல்லை, பொரித்த வெண்டைக்காயைத் தட்டில் தள்ளிக்கொண்டே, உப்பு பத்தவில்லை என்பது போலச் சொன்னாள். போனால் வீட்டில் யார், கணவன் ஹோலிஸின் காலி நாற்காலியும் அவளும்தான்... ஹோலிஸ் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான்? சிரித்திருப்பான். இல்லை, கடைசி வருடங்களில் அவன் எங்கே சிரித்தான், சிரித்ததெல்லாம் அதற்கு முன்னால், எதிர்ச் சுவரில் ஜோனெல் மாட்டி வைத்திருக்கிறாளே, அந்தப் படத்தின் காலத்தில்.

படம் திறப்பு விழா அன்று எடுத்தது. இந்த ஊரில் அப்படி ஒரு படம் இல்லாத வீடு கிடையாது, கல்யாணப் படம் இல்லாத வீடுகூட உண்டு. எண்ணெய்க் கிணறுகள் வற்றி, பருத்தி ஆலை மூடி, கடைத்தெருவில் பாதிக் கதவுகளில் பலகை அடித்திருந்த நேரத்தில், சிறை நடத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கம்பெனி வந்து, கோதுமை வயலுக்கு நடுவில் சிறையைக் கட்டியது, கட்டிய பிறகு பல்பொருள் அங்காடி திறப்பது போல ரிப்பன், பலூன், பள்ளிக்கூட வாத்தியக் குழு, நாள் முழுக்கப் புகையில் வெந்த மாட்டிறைச்சி, வந்தவர்களுக்கெல்லாம் கம்பெனி பேர் போட்ட தொப்பி. வரிசையில் நின்று ஆளுக்கொரு அறையைப் பார்த்தார்கள், கம்பிக்குப் பின்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள், போதகரும் அவர் மனைவியும் பிடித்துக்கொண்டார்கள், வங்கி மேலாளர் உள்ளே போனபோது "இவரை அப்படியே விட்டுட்டு வாங்கப்பா" என்று யாரோ சொல்ல, அவரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். என்ன வெயில், என்ன காற்று, அவளுடைய மஞ்சள் உடை பறந்து பறந்து... அந்த உடை எங்கே போனது, டானெட்டுக்கு வெட்டித் தைத்தோமா, இல்லை, தேவாலயத்து ஏலத்தில் போட்டோம், ஓலெட்டாவின் நாத்தனார் அதைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினாள், அவளுக்கு இடுப்பில் பிடிக்கவே இல்லை.

எண்ணெய்க் கிணற்று வேலை போன ஹோலிஸுக்கு அடுத்த திங்கட்கிழமை முதல் அங்கே காவலாளி வேலை உறுதியாகியிருந்தது, புதுச் சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை. இரண்டு பேரும் ஓர் அறைக்குள் போனார்கள், படம் எடுத்தார்கள், கதவு மூடிக்கொண்டது, மூடியது மூடியதுதான். உள்ளூர்ப் பையன்கள் கதவுகளை இயக்கும் பலகையிலிருந்த பொத்தானையெல்லாம் அமுக்கினார்கள், வரிசையிலிருந்த மற்ற கதவெல்லாம் திறந்து திறந்து மூடியது, இது மட்டும் அசையவில்லை, சரி, சாவியைக் கொண்டு வா என்றால், டென்னிசியில் இதே கம்பெனி கட்டிய இன்னொரு சிறையின் சாவிக்கொத்தை இங்கே அனுப்பியிருக்கிறார்கள், அப்படியானால் இந்த ஊர்ச் சாவி டென்னிசியில், அங்கே யார் எதைத் திறந்துகொண்டிருந்தார்களோ. அவளுடைய மைத்துனன் வெல்டிங் வண்டியையே கொண்டுவந்துவிட்டான், கம்பெனிக்காரர் கதவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார், "புதுக் கதவுங்க, கீறல் விழக் கூடாது." உள்ளே இருப்பவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதாக ஞாபகம் இல்லை. தட்டு நுழைக்கிற அந்தச் சின்னத் துவாரம் வழியாக ஓலெட்டா இறைச்சித் தட்டை நீட்டினாள், "தின்னுங்க, ஆயுள் தண்டனை" என்று, அந்தத் துவாரத்தில் போன முதல் சாப்பாடே அதுதான். ஹோலிஸ் சிரித்தான், சிரித்துக்கொண்டே இருந்தான், இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து பாட்டுப் பாடினான், டென்னிசியிலிருந்து சாவி வருகிற வரைக்கும் இதுதான் நமக்குத் தேனிலவு என்றான், வெளியே நின்ற சனமெல்லாம் கைதட்டியது... இந்தக் கதையை அவள் எத்தனை கல்யாணத்தில் சொல்லியிருப்பாள், ஹோலிஸின் சாவு வீட்டில்கூடச் சொன்னாள், அழுதுகொண்டிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

நல்ல காலம்தான் அது, யார் என்ன சொன்னாலும். கைதிகளையும் ஊர்க்காரர்களாகச் சேர்த்து எண்ணியதில், மக்கள்தொகை எழுதிய நெடுஞ்சாலைப் பலகையில் ஊர் திடீரென்று பெருத்துப்போனது, அதைக் காட்டியே ஒரு சிக்னல் விளக்கு வாங்கினார்கள், நிற்க வண்டிதான் இல்லை. காவலாளிகளின் பந்தாட்டக் குழு, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு ஒரு முழுப் பன்றித் தொடை, ஞாயிற்றுக்கிழமை கணவனைப் பார்க்க வரும் பெண்கள் சனிக்கிழமையே ஓலெட்டாவின் விடுதியில் இறங்கி, ஜோனெல்லிடம் முடி திருத்திக்கொண்டு... ஹவாய்ச் சிறைகளில் இடம் இல்லையென்று கடல் தாண்டிக் கொண்டுவந்த கைதிகள் இருந்தார்கள், அவர்களுடைய ஏதோ ஒரு திருநாளில் முற்றத்தில் கூடிப் பாடுவார்கள், வடக்கிலிருந்து காற்றடித்தால் துணி உலர்த்துகிற அவள் கொல்லை வரைக்கும் கேட்கும், ஒரு வார்த்தை புரியாது, இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது அந்த மெட்டுதான் வாயில் வருகிறது. கட்டில் காலியாகக் கிடந்தாலும் ஆள் இருப்பதாக வைத்து அரசாங்கம் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தமாம், அதைக் கேட்டுவிட்டு ஓலெட்டா ஒரு மாதம் பொருமினாள், என் விடுதிக்கு மட்டும் அப்படி எவனாவது எழுதிக் கொடுத்தானா என்று.

கம்பெனி ஆளைக் குறைத்தது பிற்பாடுதான். நாலு பேர் நிற்க வேண்டிய கூடத்தில் ஹோலிஸ் ஒருவன். எதற்கு ஒருவன் என்று கேட்டால், அரசாங்கச் சிறையில்தான் நாலு பேர் நிற்பார்கள், கம்பெனிக்கு லாபம் வேண்டாமா என்பான். சாப்பாட்டுக் கடையில் சுவரில் முதுகு படும் நாற்காலி கிடைக்காவிட்டால் உட்காரவே மாட்டான், படுக்கப் போகும்முன் ஒவ்வொரு கதவாகப் பிடித்து ஆட்டுவான், டானெட் அறைக் கதவையும்... உள்ளே கலவரம் நடந்து புகை எழுந்த அன்று வீட்டுக்கு வந்தவனிடம், என்ன ஆச்சு என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல. சாப்பாடு போடு." அதற்கு மேல் கேட்டாளா? ஊரில் எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்பவள்... கம்பெனி ஒரு நாள் சிறையை மூடி விளக்கை அணைத்துவிட்டுப் போனது, அடுத்த இளவேனிலில் ஹோலிஸும் போய்விட்டான், நெஞ்சு வலி. பலகையில் ஊர் மறுபடி இளைத்தது. சிக்னல் மட்டும் இன்னும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

ஜோனெல் தொப்பியைத் தூக்கினாள், சத்தம் நின்றது, இனிமேல் காது கேட்காமல் இருக்க முடியாது. "இந்தத் தடவ கைதிங்க இல்லையாம், எல்லையில பிடிச்சவங்கள தங்கவைக்கிறதாம்," என்றாள் ஜோனெல் சுருளை அவிழ்த்துக்கொண்டே. "தங்கவைக்கிறதுன்னா காலைல பலகாரம் உண்டான்னு அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட கேளுடி," என்றாள் ஓலெட்டா, "ஆலங்கட்டி மழைக்கு அப்புறம் நம்ம சர்ச்சுக் கூரைய மாத்திக் கொடுத்தாங்களே, எல்லை தாண்டி வந்த கூலி ஆளுங்க, அவங்களயும் தங்கவைப்பானாமா? என் விடுதி ரொம்பினாலும் எனக்கு வேணாம். வெர்லீனு, நீ வாயத் திறக்கவே மாட்டியா?" வெர்லீன் வாயைத் திறந்தாள், ஆனால் வந்தது பழைய கதைதான், சங்கடமான நேரத்தில் அவளுக்கு அதுதான் கை கொடுக்கும். "அந்தக் கதவு சிக்கிச்சே, அன்னிக்கு..." என்று தொடங்கினாள், ஜோனெல் இப்போதே சிரிக்க ஆரம்பித்தாள், சாவி, டென்னிசி, வெல்டிங் வண்டி, எல்லாம் அதனதன் இடத்தில் வந்தன, தேனிலவு என்று சொல்லும் இடத்தில் அவள் படத்தைப் பார்த்தாள்... படத்தில் ஹோலிஸ் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கிறான், இன்னொரு கை அவள் கையில். அந்தக் கை. அது நனைந்திருந்தது. வெயிலால் இல்லை, அந்தச் சுவரெல்லாம் குளிர்ச்சியாக இருந்தது, கதவு மூடிய சத்தம் கேட்டதும் அந்தக் கை தண்ணீரில் முக்கி எடுத்தது போல ஆனது, பாடியபோதும் அப்படித்தான், சனம் கைதட்டியபோதும் அப்படித்தான், அவள் விரல் நோகும்படி பிடித்திருந்தான், ஒருவழியாகக் கதவு திறந்து வெளியே வந்ததும் மஞ்சள் உடையில் துடைத்துக்கொண்டாளே, கறை பட்டிருக்குமோ என்று குனிந்துகூடப் பார்த்தாளே... இத்தனை வருடம் சொன்ன கதையில் இது எங்கே போயிருந்தது?

"அப்புறம்?" என்றாள் ஜோனெல். அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் திங்கட்கிழமை, அவன் வேலைக்குப் போனான்.

கதவு மணி அடித்தது, டானெட், அப்பாவின் தோள், அப்பாவின் நடை, உள்ளே வரும்போதே சிரிப்பு. "ஓலெட்டா அத்தை, நீங்க பாத்திருக்கணும், புதுசா பெயின்ட் எல்லாம் அடிச்சு பளபளன்னு இருக்கு. அம்மா, உங்கள மாதிரியே என்னையும் ஒரு ரூமுக்குள்ள விட்டுக் கதவ மூடிக் காட்டினாங்க, நான் சிரிச்ச சிரிப்புல அந்தக் கம்பெனிக்காரரே பயந்துட்டாரு, அப்பாவோட பொண்ணுன்னு நிரூபிச்சிட்டேன்னாரு." எல்லாரும் சிரித்தார்கள். டானெட் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

"கிளம்பும்மா, கூட்டத்துக்கு நேரமாச்சு," என்று குனிந்து கையை நீட்டினாள். நாற்காலி தாழ்வு, முழங்காலும் பழையபடி இல்லை, வெர்லீன் அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள். எழுந்த பிறகும் விடவில்லை.

"இப்பதான் கை கழுவிட்டு வந்தியா?"

"இல்லையே. ஏம்மா?"

"சும்மாதான் கேட்டேன்," என்றாள் வெர்லீன். வெளியே யாருமில்லாத தெருவில் சிக்னல் சிவப்புக்கு மாறியிருந்தது, இரண்டு பேரும் அதன் முன்னால் நின்றார்கள்.