சாம்பல் துணியில் ஒரு கோணல் வரி

மார்லிஸின் கை நடுங்க ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது. ஆனாலும் வியாழக்கிழமை தவறாமல் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு வந்து, மற்றப் பெண்களோடு உட்கார்ந்து, துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைப்பாள். அவள் வீட்டுக்குப் போனதும், அவர்களில் ஒருத்தியான ஆர்டித் அந்தக் கோணல் தையலைச் சத்தமில்லாமல் பிரித்துவிட்டு நேராகத் தைத்துவைப்பாள். அமெரிக்காவில், அயோவா பக்கம் இது பாவமில்லை, மரியாதை. மார்லிஸுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் பூப்போட்ட துணியில் எது யார் தையல் என்று எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. நம்முடையதும் எங்காவது மிஞ்சியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தில்தான் அவள் வந்துகொண்டிருந்தாள்.

அதில் மண்ணைப் போட்டாள் பிரிட்டா. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்க ஊருக்குப் புதிதாக வந்தவள். மரச்சட்டத்தில் அவள் விரித்துக் கட்டிய போர்வையைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் நாலு துண்டு, அதுவும் கோணல்மாணலாக. மற்றதெல்லாம் வெறும் சாம்பல் துணி.

"மீதிய எங்கம்மா, வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்றாள் ஆர்டித்.

"இவ்வளவுதாங்க. வெறும் இடந்தான் இதுல அழகே. ஆளுக்கொரு வரி, உங்க கைக்கு வந்தபடி தைங்க."

"ஆமா, பாதி வேலைய நம்ம தலைல கட்டிட்டு அழகாம் அழகு."

மார்லிஸ் அந்தச் சாம்பல் துணியைத் தடவிப் பார்த்தாள். வெறும் துணியில் ஒவ்வொரு தையலும் பளிச்சென்று தெரியும். பிரித்துவிட்டால் அதுவும் தெரியும். அடுத்த வாரம் தன் வரி காணாமல் போயிருந்தால், அப்புறம் எந்த முகத்தோடு இங்கே வந்து உட்காருவது? தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிடலாமா என்று பார்த்தாள். பிறகு, வருவது வரட்டும் என்று ஊசியை எடுத்தாள். அவள் வரி ஏறி, இறங்கி, குடிகாரன் நடை நடந்து மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தது. நிமிர்ந்தபோது ஆர்டித் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் மார்லிஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியாழனன்று கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே போர்வையிடம் போய்க் குனிந்தாள்.

அவள் வரி இருந்தது. அதன் கீழே இன்னொரு வரி, பொடிப்பொடித் தையலில், அவள் ஏறின இடத்தில் ஏறி, இறங்கின இடத்தில் இறங்கிப் போனது. அதன் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. பாதித் துணி குளத்துத் தண்ணீர் மாதிரி அலையடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பொடித் தையல் யாருடையது என்று அந்த ஊரில் யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஆர்டித் காப்பியோடு வந்தாள். "என்னடி பாக்குற? நேரா தைக்கிறதெல்லாம் ஒரு வேலையா, கண்ண மூடிட்டுத் தைப்பேன். உன் பின்னாடியே வர்றதுக்குள்ள என் விரல் போச்சு."

"நீ பிரிச்சிருவேன்னு நெனச்சேன்."

"பிரிக்கத்தான் கத்திரிய எடுத்தேன்." ஆர்டித் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எடுத்துட்டுப் பாத்துக்கிட்டே நின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு, என்ன பண்ணச் சொல்ற? உக்காரு. இந்தப் பக்கம் பூராக் காலியாக் கெடக்கு. நீ முன்னாடி போ, நான் வர்றேன்."

மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஆர்டித் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.