தார்ப்பாய்க்குள் ஆறு செடி

மார்ச்சில் பூக்க வேண்டிய கஞ்சாச் செடி அக்டோபரிலேயே பூத்தால் யார்தான் பதறமாட்டார்கள்? ஒடில்யா முற்றத்தில் குனிந்து பார்த்தாள். நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பூமுடி. ஒன்றிலல்ல, ஆறிலும்! முழங்கால் உயரம்கூட வளரவில்லை, அதற்குள் பூவாம். இதை நம்பினால், பூவிலிருந்து எடுக்கும் மருந்தெண்ணெய் ஒரு புட்டிகூடத் தேறாது.

எண்ணெய் இல்லையென்றால் அவள் புருஷன் எல்பியோவுக்குத் தூக்கமில்லை. இறைச்சி ஆலையில் மாட்டுத் தொடைகளைச் சுமந்து சுமந்து முதுகு போன மனுஷன். வேறு ரகத்து எண்ணெய் கொடுத்தால் தலைசுற்றி வாந்தி எடுப்பான். ஒத்துக்கொண்டது இந்த ஒரு ரகம்தான். அதன் தாய்ச்செடியும் குளிரில் செத்துப்போயிற்று. அதிலிருந்து ஒடித்து நட்டவைதான் இந்த ஆறும். பூமியின் தென்பாதியில் இருக்கும் அந்த நாட்டில் கஞ்சா வளர்க்கச் சட்டமே விடும், ஆனால் வீட்டுக்கு ஆறுக்கு மேல் விடாது.

பக்கத்து வீட்டு நில்சா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"பிடுங்கிப் போட்டுட்டு வேற விதை போடுடி. நான் தரேன்."

"உன் விதைய நீயே வச்சுக்க. இது என் கிழவனோட தூக்கம்டி!"

"கோவிக்காதே. ராத்திரி நீளமா இருந்தாத்தானே இது பூக்கும்? இப்பக் கோடை நெருங்குது, பகல்தானே நீளுது? எங்கேயோ இடிக்குது, பாரு."

ஒடில்யாவுக்கும் அதுதான் குடைந்தது. மதியம் தையல் கடைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். அன்று பாதி வழியிலேயே திரும்பி வந்தாள். முற்றத்தில் வெயில் கொளுத்துகிறது, செடிகளைக் காணோம். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, எல்பியோ கறுப்புத் தார்ப்பாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னய்யா பண்றே?"

"திருட்டுப் பசங்க கண்ணுல படக்கூடாதுல்ல? போன வருஷம் நில்சா வீட்டுல சுவரேறி மொத்தத்தையும் அள்ளிட்டுப் போகலையா? நீ அந்தப் பக்கம் போனதும் மூடுவேன், விடியக்காலையில எடுத்துடுவேன்."

"எப்பலேர்ந்து?"

"நீ வெளியில கொண்டுவந்து வச்ச நாள்லேர்ந்து."

"அட பாவி மனுஷா! பட்டப்பகலை ராத்திரி ஆக்கி வச்சிருக்கியே! அது பூக்காம என்ன செய்யும்?"

எல்பியோ முக்காலியில் சரிந்தான். "காவல் காக்கிறேன்னு நானே கெடுத்துட்டேனா?" என்றான். அவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"ஒப்பாரியெல்லாம் அப்புறம். கத்தரியை எடு."

பூத்த நுனிகளை நறுக்கினாள். அடி இலைகளை விட்டுவைத்தாள். துணிக்கொடியில் பெரிய பல்பைக் கட்டித் தொங்கவிட்டாள். பூப்பதை விட்டு மறுபடி வளர வேண்டுமென்றால், இருட்டு என்பதே செடிக்குத் தெரியக்கூடாது.

"விளக்குப் போட்டுத் திருடனுக்கு வழி காட்டுறியா?" என்றாள் மதிலுக்கு மேலிருந்து நில்சா.

"நான் உக்காந்துக்கறேன்" என்றான் எல்பியோ.

"இந்த முதுகை வச்சுக்கிட்டா?" என்றாள் ஒடில்யா.

"என் முதுகு, என் நாற்காலி. நீ போய்த் தூங்கு."

அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்ந்தால் மாத்தே என்னும் இலைக் கசாயக் குவளையும் வெந்நீர் பிளாஸ்க்குமாகப் பல்புக்கடியில் உட்கார்ந்துவிடுவான். மிச்சமிருந்த எண்ணெய்ப் புட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். "சொட்டு போட்டுக்க, மறந்துடாதே" என்பாள். "சரிடி, சரி" என்பான்.

செடிகள் முரண்டு பிடித்தன. இலை பழுத்தது, துளிர் வரவில்லை. நில்சா உச்சுக்கொட்டினாள். ஒடில்யா விடுவதாக இல்லை. வாரக்கணக்கில் தண்ணீர் விட்டாள், புதுப் பூ எட்டிப்பார்த்தால் கிள்ளினாள்.

ஒருநாள் காலை, கணுவில் ஒரு துளிர் தெரிந்தது. விரல் விரலாகப் பிரியாத ஒற்றை இலை, ஓரம் வழவழவென்று. பூப்பை விட்டு வளர்ச்சிக்குத் திரும்பும் செடி முதலில் இப்படித்தான் விடும்.

"கிழவா! திரும்பிடுச்சுய்யா!"

கண் சிவந்து உட்கார்ந்திருந்த எல்பியோ சிரித்தான். எழப் பார்த்தான், முடியவில்லை. "இரு, இரு" என்று அவள் சொட்டு கொடுக்கப் புட்டியை எடுத்தாள். முதன்முதல் ராத்திரி அவள் வைத்தபோது எவ்வளவு இருந்ததோ, அவ்வளவும் அப்படியே இருந்தது.

"ஒரு சொட்டுகூட எடுக்கலியா?"

"குடிச்சாத் தூங்கிடுவேனே, ஒடில்யா. அப்புறம் யாரு பார்த்துக்கிறது?"

அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு புட்டியைத் திறந்தாள்.

"வாயைத் திற. இன்னியிலேர்ந்து அந்த நாற்காலி எனக்கு."