பொற்கிளிக்கு ஒரு வீடு

சினிமாப் பாட்டுப் புத்தகத்தில் கதை பாதியில் நின்றுபோயிருந்தது. அரண்மனையில் வேலை செய்யும் பொற்கிளி, காயம்பட்ட வீரன் மகரகேதுவைத் தன் குடிசையில் ஒளித்து வைக்கிறாள். அரசனின் ஆட்கள் கதவைத் தட்டுகிறார்கள். அதற்குக் கீழே, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க.’ நல்ல நியாயம்தான். மருதமுனையில் ஒரு பெண்பிள்ளை வெள்ளித்திரைக்கு எங்கே போவாள்?

தன் தறியில் நெய்த சாரன்களை மட்டக்களப்புக்கு விற்கப் போன மீராமுகைதீன்தான் அந்தப் புத்தகத்தை மனைவி றஹீமாவுக்கு வாங்கி வந்தார். படம் இந்தப் பக்கம் வரவேயில்லை. காத்திருந்து அலுத்துப்போன றஹீமா, நூல்கட்டு சுற்றி வரும் தாளில் மீதியைத் தானே எழுதினாள். விடிந்ததிலிருந்து நூல் சுற்றி, உலை வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, இடையில் மூச்சுவிடக் கிடைத்த நேரத்தில் எழுதியது. அட்டைப் படத்தில் பொற்கிளி ஒரு மூலையில் குடத்தோடு நிற்பாள். நாள் முழுக்க வேலை செய்தவளின் முகம் அது என்று றஹீமாவுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அன்றைக்கே அவள்மேல் பிரியம் ஒட்டிக்கொண்டது.

றஹீமா எழுதிய மீதியில், மகரகேது தன்னை விரும்பும் ராசகுமாரியை வேண்டாமென்று விட்டுப் பொற்கிளியைக் கட்டுகிறான். கட்டியதும் ஒரு தகரப் பெட்டியோடு அவள் வீட்டுக்குக் குடிவருகிறான். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதுதானே வழக்கம்? பெண்ணை அரண்மனைக்குக் கூட்டிப்போகும் ஊரும் உண்டு என்பது றஹீமாவின் புத்தியில் ஏறவேயில்லை. குடிசையை மட்டும் கல்வீடாக்கிப் பொற்கிளியின் பேருக்கு எழுதி வைத்தாள்.

கலியாண வீடுகளில் மருதோண்டி இடும் பின்னேரம் பெண்கள் மட்டும் கூடுவார்கள். அங்கே றஹீமா மகரகேதுவாக வருவாள். புருஷனின் சாரன், அகலமான இடுப்பு வார், விலைபோகாத சிவப்புத் துணியில் தலைப்பாகை, சட்டிக்கரி மீசை, தென்னைமட்டை வாள். பக்கத்து வீட்டுச் சுல்பிகா குடத்தோடு பொற்கிளியாக நிற்பாள். கல்வீடு வரும் இடத்தில் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்கள். அந்தக் குரவைக்காகவே றஹீமா நாலைந்து நாள் அலுப்பைப் பொறுத்துக்கொள்வாள்.

அடுத்த தெருச் சபியா உம்மா மாமியின் மகள் அஸீஸாவுக்குக் கலியாணம் வைத்த கிழமையில்தானா அந்தப் படம் கல்முனைக்கு வரவேண்டும்?

“இஞ்சாருங்க, போய் முடிவப் பாத்துட்டு வாங்க” என்று புருஷனை அனுப்பினாள். “பொற்கிளிக்கு என்ன நடந்தெண்டு எனக்குத் தெரியோணும்.”

மறுநாள் காலையில் மீராமுகைதீன் தறியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“அவள் செத்துப்போறாள் புள்ள. அவனுக்கு வந்த அம்ப அவள் குறுக்க விழுந்து வாங்குறாள். அவன் ராசகுமாரியக் கட்டிட்டு அரண்மனைக்குப் போறான்.”

“அவளுக்காக அழுதானா?”

“ஓம். ஒரு பாட்டு அழுதான்.”

றஹீமாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. வேலைக்காரி சாகாமல் வேறு யார் சாவார்கள் என்றுதான் தோன்றியது. ஆனாலும் தெரிந்த வீட்டு மவுத்துச் செய்தி கேட்டதுபோல நெஞ்சு கனத்தது.

“மனமில்லாட்டி இண்டைக்கு மருதோண்டிக்குப் போகாம விடு” என்றார் அவர்.

“சபியா உம்மா மாமிக்குச் சொல்லியாச்சி. போகாட்டி என்ன நினைப்பாங்க?”

பின்னேரம் மீசையை வரைந்துகொண்டு கலியாண வீட்டுக்குப் போனாள். கூடியிருந்த பெண்களின் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. எல்லார் வீட்டு ஆண்களும் படம் பார்த்துவந்து கதையைச் சொல்லிவிட்டிருந்தார்கள். இனி அம்பே இல்லையென்று மறைக்க முடியாது. யார்மேல் படுகிறது என்பதுதான் பாக்கி.

அரசனின் ஆட்கள் கதவைத் தட்டும் கட்டம் வந்தது. சுல்பிகா குடத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

“ராத்தா, நான் விழவா?”

“நீ விழாத. நில்லு.”

றஹீமா வாளைக் கீழே போட்டாள். சுல்பிகாவுக்கு முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்று, மகரகேதுவின் குரலில் சொன்னாள்.

“பொற்கிளி, வீடு உன்ட பேரில கிடக்கு. உள்ளுக்குப் போய்க் கதவப் பூட்டு.”

பிறகு அம்பு பட்டவன்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாயில் விழுந்தாள். பின்வரிசையில் யாரோ குரவையைத் தொடங்க, வீடு முழுக்க அது பரவியது.

“எழும்புகா றஹீமா, கதை முடிஞ்சிது” என்று சிரித்தார்கள்.

றஹீமா எழும்பவில்லை. பாய் குளிர்ச்சியாக இருந்தது. விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழுந்தவளின் முதுகு இப்போதுதான் தரையைத் தொடுகிறது. சுல்பிகா குனிந்து தோளை அசைத்தாள்.

“உடு, கிடக்கட்டும்” என்றார் சபியா உம்மா. மணப்பெண்ணுக்கு வைத்திருந்த புதுத் தலையணையை எடுத்துவந்து தலைப்பாகைக்குக் கீழே வைத்தார். வெள்ளை உறையில் கரிமீசை அப்பியது. றஹீமா கண்ணைத் திறக்கவில்லை.